டேப்ல மிச்சமிருந்த ஆறு நிமிஷம்

ஜனவரி 12

தலைமையகத்துக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம், அங்க நீ சௌக்கியமான்னு கேட்டுட்டுதான் மத்ததை எழுதணுமாம். அம்மா உத்தரவு. கேட்டாச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாசம் மாதிரியேதான். லாட்ஜ்ல தினம் நாப்பது படுக்கை விரிப்பு அயர்ன் பண்ணிட்டு வந்து, காலை நீட்டி உக்காந்துக்கிட்டு 'எனக்கென்ன குறை'ங்கறாங்க. எனக்கும் குறை ஒண்ணும் இல்ல, கோவம்தான்.

இந்தக் காலத்துல சொந்த அண்ணன்கிட்ட பேச கவர் வாங்கி எச்சில் தொட்டு ஒட்டற ஒரே ஆள் நான்தான்டா. பரீட்சைக் கேள்வித்தாள் அடிக்கற பிரஸ், போனை கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க, மார்ச் கடைசி வரைக்கும் வெளிய விடமாட்டாங்க, கடிதத்தைக்கூட ஒரு ஆபீஸர் படிச்சு முத்திரை குத்தினாதான் போகும்னு நீ சொன்னப்ப, சும்மா பந்தா விடறேன்னு நெனச்சேன். நான் பாதியில எழுந்து வந்த பரீட்சைக்கு நீ கேள்வி அச்சடிக்கற. நல்ல குடும்பம்.

விஷயத்துக்கு வர்றேன். நம்ம பேட்டரிப் பய அவன் ரிப்பேர் கடைப் பரணை ஒழிச்சான். அவங்கப்பா காலத்து ரிப்பேர் சாமானுக்கு நடுவுல நம்ம டப்பா கிடைச்சுது. யாரோ ஒரு கஸ்டமர் பிளேயரோட குடுத்துட்டு வாங்கவே வராத அந்த மூணு டேப். குடைப் படம், பாலத்துப் படம், ஸ்டேஷன் படம். கூடவே அந்த டிவி. ரிப்பேர் கடையில ரிப்பேர் ஆகாமலே இருந்த ஒரே டிவி. படம் தெரியும், சத்தம் வராது. நீ பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து எல்லாருக்கும் நீயே பேசுவ. ஒற்றன், வில்லன், பொம்பளை, நாய், ஹெலிகாப்டர் எல்லாம் நீதான். பேட்டரி செருப்பைக் கையில மாட்டிக்கிட்டு ஓடற சத்தம் போடுவான். பக்கத்துல குண்டூசி உக்காந்து ஸ்கேலை மேஜையில அடிச்சு துப்பாக்கி சுடுவா. நான் என்ன பண்ணேன்னு யோசிச்சேன். நான் சும்மா பார்த்தேன்.

ஞாயித்துக்கிழமை மதியம் மூணு பேரும் போய் ஷட்டரைத் தட்டினோம். ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, நம்ம பழைய ரகசியத் தட்டு. உள்ள யாரும் இல்லைன்னு தெரியும், பழக்கதோஷம். டிவி முன்னாடி உக்காந்தோம், பத்து நிமிஷம் ஓடுச்சு. யாருக்கும் பேச வரல. ஊமைப் படம் பாக்கறதுக்கு மூணு பேர் எதுக்குன்னு குண்டூசி அணைச்சுட்டா.

மார்ச் கடைசியில கேட் திறந்ததும் நேரா இங்க வர்ற. மூணு படம், ஒரே நாள், உன் குரல். சரியா?

இப்படிக்கு,
தந்தி

ஆபீஸர் ஐயாவுக்கு: 'மூணு படம்'னு எழுதினது மூணாவது கேள்விக்கான குறிப்பு இல்ல. எனக்குப் படிப்பே ஆகாது, தைரியமா விடுங்க.


ஜனவரி 27

அன்புள்ள தந்தி,

நான் நல்லா இருக்கேன். அம்மாவை மாடிப்படி ஏற வேண்டாம்னு சொல்லு, துணி காயப்போடறதை நீ பாத்துக்கோ. நீ பாத்துக்க மாட்டேன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

உன் கடிதத்தை எனக்கு முன்னாடி ஆபீஸர் படிச்சார். 'உங்க தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் நீளமோ'ன்னார். அளந்து பாத்ததில்ல சார்னேன்.

இங்க ஒரு ஹால்ல இருபத்திரெண்டு கட்டில். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பலகை அடிச்சிருக்கு, வெயிலா மழையான்னு தெரியாது. காகிதக் கட்டு வரும்போது ஈரமா இருந்தா மழைன்னு நாங்களா முடிவு பண்ணிக்குவோம். வீணாப்போன தாளைக் கிழிச்சுப் போடக்கூடாது, எண்ணி வாங்கி எரிப்பாங்க. மெஷின் ஓடற வரைக்கும் யார் பேசினாலும் யாருக்கும் கேக்காது. எல்லாரும் கையாலயே பேசிக்கறோம். எனக்கு அது சௌகரியமா இருக்கு.

██████████████████████

மேல கறுப்பா இருக்கறது ஆபீஸர் வேலை. ஏதாவது ரகசியம் எழுதிட்டேன் போல.

மூணு படமும் பாக்கலாம். வர்றேன்.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

தலைமையகத்துக்கு,

அம்மாவுக்கு இருமல், மத்தபடி நல்லா இருக்காங்க. உனக்கு மஃப்ளர் பின்றாங்க. கட்டடத்துக்குள்ளயே இருக்கறவனுக்கு எதுக்கும்மான்னு கேட்டா, 'கிளம்பறப்பவே அவன் குரல் கம்மலா இருந்துச்சு'ங்கறாங்க. நீ பஸ் ஏறறப்ப வாயில மிட்டாய் அடக்கிக்கிட்டு இருந்த, அதான் அப்படிக் கேட்டுச்சுன்னு சொன்னேன். கேக்கல. மஞ்சள் கலர். நீயாச்சு உன் கழுத்தாச்சு.

நான் வேலை மாத்திட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கோட ஒத்துவரல. அந்தாளு நாள் முழுக்க மேலயும் போகமாட்டான், கீழயும் வரமாட்டான். இப்ப பார்சல் டிப்போ. வர்ற கவரு, பார்சல் எல்லாத்தையும் திருப்பிப் பாத்து, முத்திரை பாத்து, ஊர்வாரியா எறியணும். எறியற வேலைன்னதும் ஒத்துக்கிட்டேன்.

இப்ப முக்கியமான விஷயம். உக்காந்துக்கோ.

பேட்டரி எங்கயோ ஒரு பென் டிரைவ் பிடிச்சான். அதே மூணு படம். சத்தத்தோட. கேக்கறதுக்குன்னு அந்த டிவி ஸ்பீக்கரையும் மாத்தினான். கீழ தமிழ் எழுத்து ஓடுது, எவனோ ஒரு புண்ணியவான் உக்காந்து போட்டிருக்கான். நேத்து குடைப் படம் பாத்தோம்.

டேய் அண்ணா, அந்தக் குடைக்குள்ள வெடிகுண்டு இல்லடா.

பன்னிரண்டு வருஷமா நான் யார் குடையை விரிச்சாலும் ரெண்டடி தள்ளி நிக்கறேன். குடைக்குள்ள ஒண்ணும் இல்ல. வெளிய மழை பெய்யுது, அதான் குடை. பச்சைக் கோட்டு போட்ட பொம்பளை ஒற்றனுக்கு அக்கான்னு சொன்னியே? ஐம்பதாவது நிமிஷத்துல அக்கா என்ன பண்றாங்கன்னு பாத்தோம். அந்த இடம் வர்றப்பலாம் நீ எதுக்கு டிவிக்கு முன்னாடி வந்து குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினேன்னு இப்பதான் புரியுது. நீ போட்டிருந்தது ரப்பர் செருப்புடா.

குண்டூசி சிரிச்சு சிரிச்சு பெஞ்சுல இருந்து விழுந்துட்டா. அவளை கிளினிக்ல வரவேற்புல உக்கார வெச்சிருக்காங்க, தினமும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு 'டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க'ன்னு சொல்றவ. அவ அப்படி சிரிச்சுப் பாத்து வருஷமாச்சு.

உனக்கு அந்த பாஷை ஒரு எழுத்துகூடத் தெரியாது, இல்ல? மூணு படத்தையும் உதட்டைப் பாத்து நீயே கட்டிவிட்டிருக்க. ஒற்றன் எல்லாப் படத்துலயும் 'பயப்படாத, என் பின்னாடியே வா'ம்பானே? அந்த இடத்துல அவன் நெஜமா சொல்றது 'கார் சாவி யாருகிட்ட இருக்கு?'

ஆனா ஒண்ணு. உன் கதைதான் நல்லாருக்கு. பேட்டரி பாதியில சத்தத்தைக் குறைச்சுட்டு உன்ன மாதிரி பேசிப் பாத்தான். கேவலமா இருந்துச்சு. நீ வா.

தந்தி


பிப்ரவரி 26

அன்புள்ள தந்தி,

அம்மா இருமலுக்கு மருந்து வாங்கினீங்களா? மஃப்ளர் வந்துச்சு. மஞ்சள்னா இப்படி ஒரு மஞ்சளா. ஆனா கழுத்துக்கு இதமா இருக்கு, தூங்கறப்பவும் போட்டுக்கறேன்.

உன் கடிதத்தை ஆபீஸர் ரெண்டு தரம் படிச்சார். குடையில வெடிகுண்டு இல்லைன்னதும் அவருக்கே ஏமாத்தம். பக்கத்துக் கட்டில்காரனுக்கு சைகையிலயே முழுப் படத்தையும் சொல்லிக் காட்டினேன். குடைக்கு சைகை சுலபம். அக்காவுக்குத்தான் கஷ்டம்.

மாட்டிக்கிட்டேன், ஒத்துக்கறேன். அன்னிக்கு நீங்க மூணு பேரும் வாயைப் பொளந்துக்கிட்டு என்னையே பாத்தீங்க. தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?

ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். ஸ்டேஷன் படத்தை மட்டும் நான் வர்ற வரைக்கும் போடாதீங்க. பாலத்துப் படம் பாத்துக்கோங்க, அதுல நான் பெருசா ஒண்ணும் பொய் சொல்லல. நாய் கெட்டதுன்னு சொன்னேன், நல்ல நாயா இருந்தாலும் இருக்கும்.

அப்புறம், நீ டிப்போல நிக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல. பரீட்சை ஹாலை விட்டு எழுந்து வந்தப்ப எதுக்குன்னு நான் கேக்கல, இப்பவும் கேக்கல. இங்க கேள்வித்தாளை கட்டுக்கட்டா அடுக்கறப்ப, இதுல ஒண்ணைப் பாத்துதான் என் தங்கச்சி எழுந்தாளான்னு தோணும். அவ்வளவுதான்.

உன் அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

அம்மா நல்லா இருக்காங்க. நானும் நல்லா இருக்கேன்னு வெச்சுக்கோ.

ஸ்டேஷன் படம் பாத்துட்டேன். பேட்டரியும் குண்டூசியும் வேண்டாம்னுதான் சொன்னாங்க. போடாதன்னா போடற புத்தி எனக்கு. உனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் எதுக்கு அப்படி எழுதின?

நீ எப்பவும் எங்க நிறுத்துவன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒற்றனோட கூட்டாளி பெஞ்சுல உக்காந்திருப்பான், கையில ரெண்டு டிக்கெட். ரயில் வந்து நிக்கும். நீ எழுந்து பட்டனை அமுக்குவ. 'இதுக்கு மேல டேப் தேஞ்சு போச்சு. அவன் அடுத்த ரயில்ல வந்துடுவான்'ம்ப. நாங்களும் சரின்னு எழுந்து போயிடுவோம்.

படம் அங்க முடியல. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.

ஒற்றன் வரல. வந்தா ரெண்டு பேரையும் பிடிச்சுடுவாங்க. எதிர்க் கட்டடத்துல ரெண்டாவது மாடி ஜன்னல்ல நின்னு, கூட்டாளி காத்துக்கிட்டு இருக்கறதைப் பாக்கறான். கண்ணாடிக்குப் பின்னாடி வாயைத் திறந்து என்னமோ சொல்றான். சத்தம் இல்ல, கீழ எழுத்தும் இல்ல. படத்துலயே சத்தம் இல்ல. அப்புறம் ஜன்னலை விட்டு நகந்து போறான். ரயில் போயிடுது. கூட்டாளி அங்கயே உக்காந்திருக்கான். அவ்வளவுதான் படம்.

பென் டிரைவ்லதான் இப்படியோன்னு டேப்பையும் போட்டுப் பாத்தோம். டேப் தேயவே இல்ல. ஆறு நிமிஷமும் பளிச்சுனு இருக்கு.

அந்தப் படமெல்லாம் பாத்தது அப்பா வீட்டை விட்டுப் போன வருஷம். பெட்டியை எடுத்துக்கிட்டு 'ரெண்டு நாள்ல வர்றேன்'னு போனாரு. நான் மாடிப்படியில உக்காந்து தெருவையே பாத்துக்கிட்டு இருப்பேன், நீ வந்து 'வா, படம் பாக்கலாம்'னு கூட்டிட்டுப் போவ. எனக்கு ஒன்பது வயசு, உனக்கு இருபது. அடுத்த ரயில்ல வந்துடுவான்னு நீ சொன்னதை எத்தனை வருஷம் நம்பினேன் தெரியுமா? படத்துக்கு மட்டும் இல்ல.

நீ பொய்யன்டா.

கேட் திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. எந்த ரயில்னு எழுது.

தந்தி


ஏப்ரல் 30

அண்ணா,

அம்மா உன் உடம்பு எப்படின்னு கேக்கறாங்க. நானும் கேக்கறேன்.

ஆறு வாரம் ஆச்சு. பொய்யன்னு எழுதினது கோவத்துல. வாபஸ்.

ரெண்டு ஞாயித்துக்கிழமை ஷட்டரைப் பாதி திறந்து வெச்சுக்கிட்டு மூணு பேரும் உக்காந்திருந்தோம். உன் ஸ்டூல்ல யாரும் உக்காரல. பேட்டரி அதுமேல ஒரு ரேடியோவை வெச்சான், குண்டூசி திட்டி எடுக்க வெச்சா.

தந்தி


மே 20

அன்புள்ள தந்தி,

அம்மாவும் நீயும் சௌக்கியம்தானே? நான் ரொம்ப நல்லா இருக்கேன். தாமதமா எழுதறதுக்கு மன்னிச்சுக்கோ. கேட் இன்னும் திறக்கல. வேற ஒரு பரீட்சைக்கும் கேள்வித்தாள் அடிக்கற வேலை வந்துடுச்சு. ஆபீஸர் வழக்கம்போல உன் கடிதத்தைப் படிச்சு சிரிச்சார். சாப்பாடு நல்லாருக்கு. வேலை ஜாஸ்தி. போன் இன்னும் தரல.

அந்த ஆறு நிமிஷம் எனக்கு ஞாபகம் இல்ல.

இந்த வருஷம் வர முடியுமான்னு தெரியல. படத்தை நீங்களே பாத்துக்கோங்க. அதான் இப்ப சத்தம் வருதே.

உன் அண்ணன்


ஜூன் 8

தலைமையகத்துக்கு,

அம்மா சௌக்கியம், நான் சௌக்கியம், நீ சௌக்கியமா இல்ல. இப்ப நான் சொல்றதைக் கேளு. ஒற்றன் படம் பாத்து வளந்தவகிட்ட மோதாத.

ஒண்ணு. பரீட்சை முடிஞ்சு போன வாரம் ரிசல்ட்டே வந்துடுச்சு. கீழ் வீட்டுப் பொண்ணு பாஸ், தெருவுக்கே மிட்டாய் குடுத்தா. எனக்கு ரெண்டு. இன்னும் எந்தப் பரீட்சைக்குடா அடிக்கறீங்க?

ரெண்டு. பிப்ரவரி வரைக்கும் உன் கவருக்குப் பின்னாடி ஊதா முத்திரை இருந்துச்சு. மே மாசக் கவர்ல இல்ல. ஆபீஸர் படிச்சாருன்னா முத்திரை எங்க? நான் நாளைக்கு ஆயிரம் கவரைத் திருப்பிப் பாக்கறவ. இதுல வந்து பொய் சொல்றியே.

மூணு. போன ஞாயித்துக்கிழமை மதியம் தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்துச்சு. 'ஹலோ யாரு'ன்னு மூணு தரம் கேட்டேன். மூச்சு மட்டும் வந்துச்சு. 'எவன்டா நீ, வேற வேலை இல்லையா'ன்னு திட்டினேன். வைக்கப் போறப்ப தட்டற சத்தம். டொக் டொக். டொக். டொக் டொக்.

 நீ பேசல. கொஞ்ச நேரத்துல கட் ஆயிடுச்சு. திருப்பிப் போட்டா அணைச்சு வெச்சிருக்க.

தங்கச்சி குரலைக் கேட்டுட்டு ஒரு வார்த்தை பேச முடியாத அளவுக்கு அப்படி என்னடா கோவம்? ஒரு கடிதத்துல பொய்யன்னு எழுதினதுக்கா? இல்ல, நீயும் அவரை மாதிரி பெட்டியைத் தூக்கிக்கிட்டு போயிட்டியா? போயிட்டேன்னா போயிட்டேன்னு எழுது. நான் ஒண்ணும் மாடிப்படியில உக்கார மாட்டேன்.

தந்தி


ஜூலை 1

ஆபீஸர் ஐயாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். உங்க பேர் தெரியாது. அதனால கவர் மேல 'கடிதம் படிக்கற ஆபீஸர்'னு எழுதியிருக்கேன். வந்து சேந்தா சந்தோஷம்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். வாய் நீளமானவ.

என் அண்ணன் பதில் போட மாட்டேங்கறான். அவன் அங்கதான் இருக்கானா? என் மேல கோவமா? ரெண்டுல ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரகசியம்னா கறுப்பு மையால அடிச்சு அனுப்புங்க, அடிச்ச நீளத்தைப் பாத்து நானே புரிஞ்சுக்கறேன்.

பணிவுடன்,
தந்தி


ஜூலை 13

அன்புள்ள தந்திக்கு,

உங்க கவர் வந்து சேர்ந்தது. கேட்ல இருக்கறவங்க சிரிச்சுக்கிட்டே கொண்டுவந்து கொடுத்தாங்க. உங்க அம்மாவோட முழங்கால் இப்போ எப்படி இருக்கு? மூணு மாசம் அதைப் பத்திப் படிச்சவன், கேக்காம இருக்க முடியல.

மத்தவங்க கடிதத்தைப் படிக்கறது என் வேலை. படிச்சதை வெளியே சொல்லாம இருக்கறதும் என் வேலைதான். பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா அந்த ரெண்டாவதை மீறறேன்.

உங்க அண்ணன் இங்கேதான் இருக்கார். வேலையும் பாக்கறார். உங்க மேல துளிகூடக் கோவம் இல்ல. அவருக்குத் தொண்டையில கட்டி இருந்தது. ஜனவரியிலயே குரல் மங்கிப்போச்சு. கேட் திறந்த அன்னிக்கு ரயிலுக்குப் போகாம ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏப்ரல் மாசம் ஆபரேஷன் நடந்தது, நான் கூட இருந்தேன். கட்டியை முழுசா எடுத்தாச்சு, உயிருக்கு பயம் இல்லைன்னு டாக்டர் சொல்றார். ஆனா கூடவே குரலும் போயிடுச்சு. இனிமே அவருக்குப் பேச்சு வராது. கழுத்துல ஒரு துளை இருக்கு, அதை உங்க அம்மா பின்னின மஃப்ளரால மறைச்சுக்கறார். ஜூலை வெயில்ல மஞ்சள் மஃப்ளரோட நடக்கற ஒரே ஆள் அவர்தான்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். ஜனவரிக் கடிதத்துல ஒரு வரி கறுப்பா இருந்ததே, அதை நான் அடிக்கல. 'குரல் சரியில்ல, தண்ணி குடிச்சாக்கூட வலிக்குது'ன்னு அவரே எழுதினார். அப்புறம் என் மேஜைக்கு வந்து மையும் பிரஷ்ஷும் கடன் கேட்டார்.

'குரல் இல்லாம நான் அங்க போய் என்ன சார் பண்றது'ன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் காட்டினார். அதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியும்னு தோணுது.

கடைசியா ஒரு சந்தேகம். நான் படிச்ச கடைசிக் கடிதத்துல, ஸ்டேஷன்ல கூட்டாளி உக்காந்திருந்தான். அதுக்கப்புறம் கடிதங்களை நான் பாக்கல. கண்ணாடிக்குப் பின்னாடி ஒற்றன் என்ன சொன்னான்னு தெரிஞ்சுதா?

உங்க கடிதங்களை வேலையா ஆரம்பிச்சு அப்புறம் விரும்பிப் படிச்சவன்


ஜூலை 20

அண்ணா,

ஆபீஸர் எல்லாத்தையும் சொல்லிட்டார். அவர் மேல பாயாத. நான் கேட்டா கல்லும் சொல்லும்.

கடிதம் வந்த அன்னிக்கு டிப்போல ஒரு பார்சலைக்கூட ஒழுங்கான ஊருக்கு எறியல. வடக்கே போகவேண்டியது தெக்கே போயிருக்கு, நாளைக்கு திட்டு வாங்கணும். பரவால்ல. ஆறு மாசமா ஒரே வேலையில இருக்கேன், திட்டறதுக்கு அவங்களுக்கும் உரிமை இருக்கு.

அம்மாகிட்ட சொன்னேன். அயர்ன் பாக்ஸை நிமித்தி வெச்சாங்க. 'டிசம்பர்லயே அவன் குரல் பாதிதான்டி இருந்துச்சு. மீதி தொண்டைக்குள்ள எங்கயாவது இருக்கும்னு நெனச்சேன்'னாங்க. அப்புறம் அந்த விரிப்பையே திரும்பத் திரும்ப தேச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்ப அடுத்த மஃப்ளர் பின்றாங்க, மெல்லிசா, வெயிலுக்குன்னு. கலர் என்னன்னு நான் சொல்லப்போறதில்ல.

குண்டூசி கிளினிக்ல விசாரிச்சா. கழுத்துல வெச்சுப் பேசற கருவி இருக்காம், ரோபோ மாதிரி வருமாம். வேணும்னா வாங்கலாம், வேண்டாம்னா விட்டுடலாம், அவனை யாரும் நச்சரிக்கக்கூடாதுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு சொல்றா. அப்புறம் உள்ள போய் முகம் கழுவிட்டு வந்தா. பேட்டரி பென் டிரைவை எடுத்து டிராயர்ல போட்டான். டிவி ஸ்பீக்கரை மாத்தி வெச்சிருந்தானே, அந்த வயரைப் பிடுங்கிட்டான். 'இப்பதான் டிவி சரியாச்சு'ங்கறான். ரிப்பேர்காரன் பேசற பேச்சா இது?

'குரல் இல்லாம போய் என்ன பண்றது'ன்னு கேட்டியாமே. ஏன்டா, மாடிப்படியில இருந்து என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போனது உன் குரலா? கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போன. கை இருக்கில்ல?

ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. மூணு படம், ஒரே நாள், சத்தம் கிடையாது. பேட்டரி செருப்பு எடுத்து வெச்சுட்டான், குண்டூசி ஸ்கேல் கொண்டு வர்றா. பேசப்போறது நான். தினமும் டிப்போல பார்சலைப் பாத்துப் பேசிப் பழகறேன், பக்கத்துல நிக்கறவன் இடம் மாத்திக் கேட்டுட்டான். வில்லன் நல்லா வருது. ஒற்றன் வரல, கட்டைக் குரல் பத்தல. நீ ஸ்டூல்ல உக்காந்து கவனி. தப்பாப் பேசினா தலையில குட்டு.

குடைக்குள்ள வெடிகுண்டு இருக்கும். பச்சைக் கோட்டுக்காரங்க அக்காதான். ரயில் வந்து நிக்கற இடத்துல டேப் தேஞ்சு போயிடும். எல்லாம் உன் கதைப்படி.

ஆபீஸரையும் கூட்டிட்டு வா. ஸ்டூல் இன்னொண்ணு இருக்கு.

பயப்படாத, என் பின்னாடியே வா.

தந்தி


ஆகஸ்ட் 5

அன்புள்ள தந்தி,

அம்மாவோட முழங்காலுக்கு வணக்கம். நான் சௌக்கியம்னு எழுதினா நீ நம்ப மாட்டே, அதனால உள்ளதை எழுதறேன். தூங்கறேன், சாப்பிடறேன், கஞ்சியைத் தாண்டி ரொட்டி வரைக்கும் வந்தாச்சு. தும்மினா கழுத்து வழியா வருது. முதல் தரம் அப்படி வந்தப்ப நானும் ஆபீஸரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து பயந்துட்டோம்.

அந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணது நான்தான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அப்புறம் உன் குரலையாவது கேக்கலாம்னு போட்டேன். நீ மூணு ஹலோ சொன்ன. நான் வாயைத் திறந்தேன், பழக்கம். நீ திட்ட ஆரம்பிச்சே. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? நீ போனை வெச்சுடுவன்னு தோணினதும் தட்டினேன்.

இப்ப நான்தான் அந்த டிவி. படம் வருது, சத்தம் வரல. உதடு அசையறதைப் பாத்து எல்லாரும் அவங்கவங்களுக்குத் தோணினதை வெச்சுக்கறாங்க. டீ வேணும்னு கேட்டா காபி வருது. நான் அந்தப் படக்காரங்களுக்கு எவ்வளவு அநியாயம் பண்ணியிருக்கேன்னு இப்பதான் தெரியுது.

ஆறு நிமிஷம் ஞாபகம் இல்லைன்னு எழுதினது பொய். முதல் தரம் நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் தனியா முழுசா பாத்தேன். நீ வந்து பக்கத்துல உக்காந்தப்ப அதை ஓட விட எனக்குத் தைரியம் வரல. அவ்வளவுதான் காரணம்.

ரெண்டு பேரும் வர்றோம். ஆபீஸர் ஒரு வாரமா உன் கடைசிக் கடிதத்தை, முத்திரை குத்தற அவசியம் இல்லாம, சும்மா வாங்கி வாங்கிப் படிக்கறார். சனிக்கிழமை காலை ரயில்.

நீ போட்ட பட்டியல்ல ஒண்ணை மட்டும் மாத்தணும். குடையில வெடிகுண்டு இருக்கட்டும். அக்கா அக்காவாவே இருக்கட்டும், லேஸ் கட்ட நான் குனிஞ்சுக்கறேன். ஆனா ஸ்டேஷன் படத்தை நிறுத்தாத. டேப் தேயலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, ஓடட்டும்.

கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு அவன் வாயைத் திறக்கற இடம் வரும். அதுல அவன் என்ன சொல்றான்னு எத்தனையோ தரம் உதட்டையே பாத்திருக்கேன். வில்லனுக்குக் கண்டுபிடிச்சேன், நாய்க்குக் கண்டுபிடிச்சேன், அதுக்கு மட்டும் எனக்கு ஒரு வார்த்தைகூட வரல. ஆபீஸரும் கேக்கறார்.

அந்த இடத்துல நீ பேசு. என்ன சொன்னாலும் சரி. நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்.

ஷட்டரை முழுசா இறக்கி வை. தட்டிட்டுதான் வருவேன்.

உன் அண்ணன்